செமோர் ஏரிக்கரை பங்களா

1982, தீபாவளிக்கு மறுநாள். காலை எட்டரைக்கு ஈப்போவில் செமோர் பஸ் ஏறினோம். பத்து மைல், எழுபது காசு. நான் கிள்ளானிலிருந்து வந்திருந்தேன். உடன் வந்தவள் ஈப்போவிலேயே புந்தோங்கில் வசிக்கும் என் அக்கா ராசம்மா.

செமோருக்கு அப்பால் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தில் அக்கா ஒரு காலத்தில் பால்மரம் வெட்டினாள், மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் வேலை. அத்தானுக்கு அங்கே வெள்ளைக்காரத் துரையின் பங்களாவுக்குச் சுண்ணாம்பு அடிக்கும் வேலை. தொழிலாளிகளின் பெண்டுகள் அந்தக் கேட்டுக்குள் நுழையக் கூடாது. துரை சீமைக்குப் போன பிறகு தடுக்க ஆளில்லை. கூட்டிப் போகிறேன் என்று அத்தான் வருஷக்கணக்காகச் சொன்னார். போன வருஷம் இறந்துவிட்டார். அதனால் நான் கூட்டிப் போனேன்.

செமோரில் டாக்சி பிடித்து, இப்போது ரப்பருக்குப் பதில் நட்டிருக்கும் செம்பனை எண்ணெய் மரங்களுக்கு நடுவே மூன்று மைல் மண்சாலை. பங்களா சட்டென்று தெரிந்தது. ஆறு வெள்ளைத் தூண்கள், மேலே முக்கோண முகப்பு, ஏரித் தண்ணீர் வரை இறங்கும் அகலப் படிகள். எதிர்க்கரையில் சுண்ணாம்புக்கல் மலை. ரோஜாப் பாத்திகளில் லாலான் புல் இடுப்பளவு நின்றது. காகிதப்பூ மட்டும் மாடிவரை ஏறிப் பூத்திருந்தது.

காவல்காரர் மாணிக்கம் அந்தக் காலத்தில் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் அக்காவுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்.

"வாங்கக்கா. நல்லவேள இன்னிக்கு வந்தீங்க. அடுத்த மாசம் இடிக்கிறாங்க லா."

நடனக் கூடத்தில் அக்கா அண்ணாந்து பார்த்தாள். "இம்புட்டு ஒசரத்துலயா ஏணி போட்டு ஏறினாரு?"

"ஆமாக்கா. போன வருசங்கூட அண்ணே வந்தாரே, சொல்லலயா?"

"யாரு, அவரா?"

"தனியா மோட்டார்சைக்கிள்ல வந்தாரு. நோன்புப் பெருநாள் முடிஞ்ச வாரம். ராசம்மாவுக்கு முட்டி வலி, கேட்டுலேருந்து நடக்க மாட்டா, வாசப்படி வரைக்கும் வண்டி வரலாமான்னு கேட்டாரு. தாராளமா வாங்கண்ணேன்னேன். வர்ற ஞாயித்துக்கெழம கூட்டியாறேன்னு போனாரு."

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தான் ஆஸ்பத்திரியில் நினைவின்றிக் கிடந்தார், பிறகு கண் விழிக்கவேயில்லை. அது எனக்கும் அக்காவுக்கும் தெரியும், மாணிக்கத்துக்குத் தெரியாது. நாங்கள் சொல்லவில்லை.

"மறந்துட்டாருன்னுல்ல நெனச்சேன்," என்றாள் அக்கா. மாடி அறைகளைப் பார்க்க வேண்டாம் என்றுவிட்டாள். ஏரிப் படியில் போய் உட்கார்ந்தாள். டாக்சிக்காரரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

கிள்ளானில் எத்தனையோ பழைய வீடுகளை இடிக்கிறார்கள், நின்று பார்த்ததில்லை. இந்த வீட்டைவிட்டுக் கிளம்பத்தான் மனம் வரவில்லை.

திரும்பும் பஸ்ஸில், ஈப்போவில் இறங்கப் போகும்போது அக்கா சொன்னாள்: "அந்த ஞாயித்துக்கெழம போறோம்னு அவரு முன்னாடியே சொல்லியிருந்தா, அவரு வாங்கிக் குடுத்த நீலப் பொடவய எடுத்து வெச்சிருப்பேன்."