எங்கள் வெங்காயத் தறைக்கு வந்த மிஸ்சீஃப்

பிள்ளைகளே, ‘மிஸ்சீஃப்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் கருத்து எழுதச் சொன்னதற்கு, இரண்டு பேரும் ‘குறும்பு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டீர்கள். சரிதான். ஆனால் பத்தாம் வகுப்போடு நின்ற உங்கள் அப்பாவுக்கு அந்த ஒரு சொல்லின் பிறப்பு வளர்ப்பு முழுவதும் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான். கேளுங்கள்.

அப்போது எனக்குப் பத்து வயது. உரும்பிராயில், வீட்டோடு ஒட்டிய தோட்டத்தில் எங்கள் வெங்காயத் தறைக்கு அன்று இறைப்பு நாள். என் அப்பா கிணற்றடியில் தண்ணீர் இறைக்கும் மிசினுக்குக் காவல். சித்தப்பா தறையின் மறுகரையில் மண்வெட்டியோடு பாத்தி பாத்தியாகத் தண்ணீர் கட்டுவார். கடைசிப் பாத்தியும் நிறைந்ததும், “அண்ணை, நிப்பாட்டுங்கோ!” என்று கத்துவார். அப்பா நிறுத்துவார். இடையில் வாழைகள் நின்றதால் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. குரல்தான் எல்லாம்.

மிசின் மண்ணெண்ணெயில் ஓடும். ஆனால் தொடக்குவதற்குச் சிறிது பெற்றோல் வேண்டும். பெற்றோல் கிடைப்பதே அரிதான காலம் அது. மருந்துப் போத்தலில் கிடந்த கடைசிச் சொட்டுகளை ஊற்றித்தான் அன்று காலை அப்பா அதைத் தொடக்கினார்.

உயர்தரம் படித்த சித்தப்பாவுக்கு எங்கள் புகையிலைக் கொட்டிலில் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆங்கில வகுப்பு வைக்க ஆசை. ஒரு மாதமாகக் கேட்டுக் கேட்டு, அன்றுதான் அப்பா அரைமனதாகத் தலையாட்டியிருந்தார்.

நானோ சித்தப்பாவைப் போலவே கதைப்பதில் கெட்டிக்காரன். வாழைக்குள் குந்தியிருந்து அவருடைய குரலில் கத்தினேன்: “அண்ணை, நிப்பாட்டுங்கோ!”

மிசின் நின்றது. பாதித் தறைக்கு மேல் காய்ந்து கிடந்தது.

சித்தப்பா ஓடிவந்தார். “ஏன் அண்ணை நிப்பாட்டினீங்கள்?”

“நீதானேடா கத்தினாய்! இனி என்னத்தை ஊத்தி இதைத் தொடக்கிறது? ஒழுங்காய்த் தண்ணி கட்டத் தெரியாது, இவர் இங்கிலீசு படிப்பிக்கப் போறாராம்! கொட்டிலும் இல்லை, ஒண்டும் இல்லை, போ!”

சித்தப்பா வாழைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு, “ஓம் அண்ணை, என்ரை பிழைதான்,” என்றார்.

எனக்குச் சிரிப்பு அடங்கிப்போயிற்று. கொட்டில் போய்விட்டதே! வெளியே வந்து, “அப்பா, அது நான்,” என்றேன்.

“பொய் சொல்லாதை. சித்தப்பாவுக்கு வக்காலத்து வாங்க வந்திட்டாரோ?”

மூச்சை இழுத்து, அதே குரலில் இன்னொரு தடவை கத்தினேன். குசினிக்குள் சமைத்துக்கொண்டிருந்த அம்மா சித்தப்பாவுக்குப் பதில் சொன்னார்: “மிசின் எப்பவோ நிண்டிட்டுது தம்பி! இன்னும் என்னத்தை நிப்பாட்டச் சொல்லுறியள்?”

அடிக்க ஓங்கிய அப்பாவின் கை அவருடைய தலையைச் சொறியப் போனது. சிரித்தேவிட்டார். “சரி, கொட்டிலை எடு. முதல்லை உவனைப் பிடிச்சு இருத்திப் படிப்பி!”

அப்பாவும் சித்தப்பாவும் பொழுதுபடும்வரை வாளியால் அள்ளி ஊற்றினார்கள். அப்படியும் கடைசி வரிசைக்குத் தண்ணீர் போய்ச் சேரவில்லை. பிறகு சித்தப்பா கொட்டிலில் தடித்த அகராதியை விரித்தார்.

“மிஸ்சீஃப். பிரெஞ்சிலையிருந்து வந்த சொல்லடா. முந்தி இதுக்குக் கேடு எண்டுதான் கருத்து, ஒரு காரியம் மோசமாய் முடியிறது. கனகாலம் போய்த்தான் பிள்ளையளின்ரை குறும்பு எண்டு இளகினது. நீ இண்டைக்குப் புதுக் கருத்திலை தொடங்கி, பழைய கருத்திலை முடிக்கப் பாத்தாய்.”

அந்தக் கொட்டிலின் முதற்பாடம் அது. முதல் மாணவன் நான். ஒரு கிழமையாகப் பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லைச் சொல்லித் திரிந்தேன். அதைவிடப் பெரிய பெருமையும் ஒன்று இருந்தது. என் குரல் சித்தப்பாவையே ஏமாற்றிவிட்டது, தானே கத்தியதாக நம்பித்தான் அவர் பிழையை ஏற்றார் என்று நினைத்துக்கொண்டேன். தன் வாய் திறந்ததா இல்லையா என்பது ஒரு மனிதனுக்குத் தெரியாமல் போகாது என்று விளங்க எனக்கு எத்தனையோ வருடங்கள் எடுத்தன.

அந்த இறைப்பு நாளுக்கு மறுநாள் விடிந்ததும், ஒருவருக்கும் சொல்லாமல் கிணற்றடிக்குப் போனேன். உள்ளங்கை சிவக்கச் சிவக்கத் தண்ணீர் சுமந்தும் கடைசி வரிசையில் ஒரு பாத்திக்குத்தான் போதுமாயிருந்தது. அதன் நான்கு மூலையும் நனைந்த பிறகு, வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன்.