குணம் அண்ணையின் சிவப்புப் பூட்டு

சிட்னி பென்டில் ஹில் மளிகைக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது குணம் அண்ணையின் மகள் மாதங்கி போனில் அழைத்தாள். "அங்கிள், அப்பா போயிட்டார். காலமை தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருக்கேக்க..." என்றாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் பையில் ஒரு கட்டு முருங்கைக்காய். எங்கள் வீட்டில் முருங்கைக்காய்க் குழம்பு என்றால் அழைக்காமலே வந்து நிற்கிற மனிதர் அவர். அந்தக் கட்டைப் பார்த்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

சிட்னியில் உங்களில் பலருக்கு அவர் கோயில் திருவிழாவுக்கு விளக்குப் போட்டுத் தந்த எலக்ட்ரீஷியன். எனக்கு அவர் அறிமுகமானது மேற்கு ஆஸ்திரேலியாவின் ஒரு கோடியில் இருந்த கடற்படை ரேடியோ நிலையத்தில். கடலுக்கடியில் போகும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குச் செய்தி அனுப்பும் இடம் அது. என்ன செய்தி என்று எங்களுக்குத் தெரியாது, கேட்கவும் கூடாது. பராமரிப்பு ஒப்பந்தக்காரரின் ஆட்களான எங்களுக்குக் கோபுரத்தின் நட்டும் போல்ட்டும்தான் சொந்தம். சுற்றிலும் செம்மண், கங்காரு, மூக்குக்குள் நுழையும் ஈ. நான் தூத்துக்குடி, அவர் பருத்தித்துறை. அவ்வளவு பக்கத்து ஊர்க்காரர்கள் அறிமுகமாவதற்கு அவ்வளவு தூரம் வரவேண்டியிருந்தது.

போன முதல் வாரமே பொதுக் குசினியில் அவர் புட்டு அவித்தார். மிஞ்சிக் கிடந்த எவர்சில்வர் குழாயை அளவாக வெட்டி, கழுவி, அதில்தான் அவித்தார். ஆவி கக்கும் குழாயைப் பார்த்த நிலைய அதிகாரி, இது எந்த இயந்திரத்தின் பாகம் என்று பதறிக் கேட்டார். "வயித்தின்ர பாகம்" என்று தமிழில் சொல்லிவிட்டு அவருக்கும் ஒரு தட்டு நீட்டினார் அண்ணை. அடுத்த சனிக்கிழமை அதிகாரி தானே தட்டோடு வந்தார்.

ஆனால் வேலையில் அண்ணை வேறு ஆள். கோபுரத்தில் ஏறுமுன் மின்சாரத்தை நிறுத்தி, மேலே ஆள் இருக்கையில் யாரும் அதைத் திரும்பக் கொடுத்துவிடாதபடி, ஏறுகிற ஒவ்வொருவரும் தன் பூட்டை மெயின் சுவிட்சில் மாட்ட வேண்டும். இறங்கியதும் அவரவர் பூட்டை அவரவரே திறக்க வேண்டும். சாவி இல்லாமல் பூட்டை வெட்ட நேர்ந்தால், பூட்டுக்காரன் "இறங்கிவிட்டேன்" என்று தன் வாயால் சொன்ன பிறகுதான் வெட்டலாம். "கண்ணால பாத்தது காணாது தம்பி, வாயால சொல்லோணும்" என்பார். காணாது என்றால் அவர் பேச்சில் போதாது என்று அர்த்தம். ஒருமுறை நான் மேலே இருந்தபோது, நேரமாகிறது என்று அதிகாரி கீழே கத்தினார். அண்ணை சுவிட்சுக்கு முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, காலுக்கு மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டார். நான் இறங்கி என் பெயரைச் சொல்லும்வரை எழுந்திருக்கவில்லை.

அப்படிப்பட்டவரேதான் ஒருநாள் பூட்டைத் திறக்க மறந்தார். சிட்னியில் மாதங்கியின் அரங்கேற்றம். அந்தச் சந்தோஷத்தில் கோபுரத்திலிருந்து இறங்கியதும் குளித்து, சட்டை மாற்றி, விமானத்துக்கு ஓடினார். பையைக் காரில் ஏற்றியதே நான்தான். மாலை மின்சாரம் கொடுக்கப் போனால், சுவிட்சில் அவருடைய சிவப்புப் பூட்டு தொங்குகிறது. "அவன் போனதை நானே பார்த்தேன், வெட்டு" என்றார் அதிகாரி. நானும்தான் பார்த்தேன். ஆனால் அந்தக் கதிரை என் கண்ணிலேயே நின்றது. வெட்டமாட்டேன் என்றேன். வேலை போய்விடும் என்றார். ஆனாலும் அதே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அண்ணையின் விமானம் பெர்த்தில் இறங்கும்வரை நிலையம் ஊமையாகக் கிடந்தது. பிறகு அவருக்குப் போன் போட்டு, அதிகாரிக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் வைத்தேன்.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

"பெர்த்தில. ஏன் தம்பி?"

"கோபுரத்துல இருந்து இறங்கிட்டேன்னு உங்க வாயால சொல்லுங்க."

"ஐயோ, திறப்பு என்ர பொக்கெற்றுக்கை!" என்று, பைக்குள் சாவியைக் கண்டுபிடித்த ஓர் அலறல், அதைத் தொடர்ந்து அடக்க முடியாத சிரிப்பு. கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு, நீதிமன்றத்தில் சாட்சி சொல்வதுபோல, "குணரத்தினம். நான் இறங்கிட்டன்" என்றார். ஒலிபெருக்கியில் கேட்ட அதிகாரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது, என் வேலை தப்பியது. திரும்பி வந்த அண்ணை, "நீர் மட்டும் கேக்காம வெட்டியிருந்தா, உம்மோட நான் கதைச்சிருக்கவே மாட்டன்" என்றார். அன்றிலிருந்து நாங்கள் எங்கே பயணம் போனாலும், போய்ச் சேர்ந்ததும் ஒருவருக்கொருவர் சொல்வது அந்த ஒரே வார்த்தைதான்: இறங்கிட்டன்.

இறப்பதற்கு முந்தின நாள் எங்கள் வீட்டுத் தோட்டக் கொட்டகைக்கு வயர் இழுத்தார். வேலை பாதியில் நின்றது. "நாளைக்கு வாறன் தம்பி" என்று சுவிட்ச் பெட்டியில் தன் சிவப்புப் பூட்டை மாட்டிவிட்டுப் போனார். காரியம் முடிந்ததும் மாதங்கி சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைத்து, "வேற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடட்டுமா, அங்கிள்?" என்று கேட்டாள். இப்போது வேண்டாம் என்றேன்.

கொட்டகை இன்னும் இருட்டாகத்தான் கிடக்கிறது. டார்ச் அடித்துக்கொண்டு மண்வெட்டி தேடுகிற என்னைப் பார்த்து என் மனைவி சிரிக்கிறாள். அண்ணை விட்டுப்போனதில் எனக்குக் கிடைத்தது அந்தச் சாவி. சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறேன், ஆனால் திறக்கமாட்டேன். அவர் இன்னும் இறங்கிட்டன் என்று சொல்லவில்லை.