இரண்டு ராத்திரித் தூக்கம்

டெய்லரக்காவுக்கு உலகத்தில் பிடிக்காத ஒரே விஷயம் சுருக்கம். தைக்கிற துணியில் இருந்தால்கூடப் போனால் போகிறதென்று இஸ்திரிப் பெட்டியை எடுப்பாள். அப்பாவின் படுக்கை விரிப்பில் இருந்துவிட்டால் வீடு ரெண்டுபடும். விரிப்பைப் போட்டவளும் அவள்தான், திட்டுகிறவளும் அவள்தான், திட்டு வாங்குகிறவளும் அவள்தான். அந்த வீட்டில் திட்டுவதற்கு வேறு யார் இருக்கிறார்கள்?

அப்பா பஸ் ஓட்டினவர். ஒரு நாள் ஷூ மாட்டக் குனிந்தவர் அப்படியே சாய்ந்தார். வலது பக்கம் விழுந்துபோயிற்று, பேச்சும் போயிற்று. திரும்பி வந்த வார்த்தை ஒன்றே ஒன்று: "சனியனே." தண்ணி வேண்டுமென்றாலும் சனியனே, போதுமென்றாலும் சனியனே. ஊசி போட வந்த டாக்டருக்கும் அதே மரியாதைதான். எந்தச் சனியனுக்கு என்ன அர்த்தம் என்று மகளுக்கு மட்டும் தெரியும். மூக்கைச் சுளித்துச் சொன்னால் டயபர் நனைந்திருக்கிறது. மெல்ல இழுத்துச் சொன்னால், கொஞ்ச நேரம் பக்கத்தில் வந்து உட்கார்.

சர்க்கரை வியாதி உடம்பு வேறு. ஆரம்பத்தில் வீட்டுக்கு வந்த நர்ஸ் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக்குக் கீழே, வால் எலும்பு இருக்கிற இடத்தில் விரலை வைத்துக் காட்டினாள். "ஒரே பக்கமா அழுந்திக்கிட்டே இருந்தா இந்த இடம்தான் முதல்ல செத்துப்போகும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போடுங்க, ராத்திரியும் சேர்த்துத்தான். புண்ணு வந்துட்டா இவருக்கு ஆறாது."

அன்றைக்குப் பிடித்தது. தலைமாட்டில் ஒரு பழைய அலாரம் கடிகாரம். அது அடிக்கும். இவள் எழுந்து "வாங்கப்பா, இந்தப் பக்கம்" என்று புரட்டுவாள். தூக்கம் கெட்ட ஆத்திரத்தில் அவர் தெருவுக்கே கேட்கிற மாதிரி "சனியனே" என்பார். முள்ளை அடுத்த ரெண்டு மணி நேரத்துக்குத் தள்ளி வைத்துவிட்டு இவள் சாய்வாள். இப்படியே ஆறு வருஷம். இடுப்பு போயிற்று, தலை பாதி நரைத்தது, பெண் கேட்டு வந்துகொண்டிருந்தவர்களும் வருவதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அப்பாவின் முதுகில் ஒரு கீறல் கிடையாது! வருகிற டாக்டரெல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்ப்பார்கள். பெருமைப்பட்டுக்கொள்ள அவளுக்கென்று இருந்தது அது ஒன்றுதான். வஞ்சனையில்லாமல் பெருமைப்பட்டாள்.

ஒரு நாள் மிஷின் முன்னால் கண் சொருகிவிட்டது. ஊசி நகத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கிற்று. சேதி கேட்டு அண்ணன் அலறியடித்துக்கொண்டு வந்தான். வெளியூரில் ஓட்டல் மேனேஜர். நல்லவன்தான், அப்பாவைப் பார்த்தாலே கண் கலங்கிவிடும்.

"ரெண்டு நாள் நான் பாத்துக்கறேன். நீ எங்கயாவது போய்த் தூங்கு."

"ரெண்டு ரெண்டு மணி நேரத்துக்குத் திருப்பிப் போடணும்ண்ணா. அலாரம் இருக்கு."

"சரி சரி, கிளம்பு. அப்பாவைப் பாத்துக்க எனக்குத் தெரியாதா?"

ஏன் திருப்ப வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. அவளுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. மூச்சு எதற்கு விட வேண்டும் என்று யாராவது விளக்கிக்கொண்டிருப்பார்களா?

சிநேகிதி வீட்டில் போய் விழுந்தாள். அந்தச் சிநேகிதி பட்டன் கடைக்காரி, வாயாடி. காலையில் டீயை நீட்டிக்கொண்டே, "அடிப்பாவி! தூக்கத்துல எழுந்து வந்து 'வாங்கப்பா'ன்னு என்னைப் புரட்டிப் போட்டுட்டு, நீ பாட்டுக்குப் போய்ப் படுத்துட்டே. சுவத்துல இடிச்சு மண்டை வீங்கிக் கிடக்கு, பாரு" என்றாள். ரெண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். டெய்லரக்கா அப்படிச் சிரித்து எத்தனையோ காலமாகியிருந்தது.

வீடு திரும்பியபோது அண்ணன் வாசலிலேயே நின்றான், முகமெல்லாம் சிரிப்பு. "ரெண்டு ராத்திரியும் அப்பா அசையாமத் தூங்கினார், தெரியுமா? முதல்ல அந்த அலாரத்தை ஆஃப் பண்ணேன். பாவம், மனுஷனுக்குத் தூக்கிவாரிப் போடுது. பகல்ல தலையணை முட்டுக்கொடுத்து உக்கார வெச்சேன். ஜம்முனு டிவி பாத்தார்."

அவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. உள்ளே ஓடி அப்பாவைப் புரட்டினாள். நர்ஸ் விரல் வைத்த அதே இடத்தில் கருஞ்சிவப்பாக ஒரு தடம். அழுத்திப் பார்த்தாள், வெளுக்கவில்லை. உள்ளே சதை சாக ஆரம்பித்துவிட்டது.

"என்னம்மா?" என்றான் அண்ணன், பின்னாலிருந்து.

"ஒண்ணுமில்லண்ணா. டயபர் மாத்தணும்."

அப்பா மெல்ல இழுத்து "சனியனே" என்றார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு அவள் செய்யாதது எதுவுமில்லை. காற்று மெத்தைக்கு அலைந்தாள், மிஷினை மூடிப்போட்டாள், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்தாள். என்னத்தைச் சொல்ல! தடம் புண்ணாயிற்று, புண் குழியாயிற்று, குழி எலும்பு வரை போயிற்று. காய்ச்சல் கண்டு, மூன்றாம் மாதம் அப்பா போய்விட்டார்.

அப்பாவின் தங்கை, அத்தைக்காரி, கடைசி வாரம் வந்தபோது அந்தப் புண்ணைப் பார்த்திருந்தாள். துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோர் முன்னாலும் ஆரம்பித்தாள். "ஏண்டி, முதுகு அழுகற வரைக்கும் என்னடி பண்ணிட்டிருந்தே? மிஷினே கதின்னு கிடந்திருப்பே! எங்கண்ணனை இப்படி வாரிக் கொடுத்துட்டியே!"

பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. என் கையில் இருந்தவரை ஒரு கீறல் கிடையாது, அண்ணனிடம் விட்ட ரெண்டே நாளில் வந்தது. அதைச் சொல்லிவிட்டால் போதும், பழி இறங்கிவிடும். ஆனால் அண்ணன் உயிரோடு செத்துப்போவான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

எல்லோரும் போன பிறகு அண்ணன் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "அத்தை பேச்சை விடு. ஒருத்தியா எவ்வளவுதான் பாப்பே? எங்கயோ கொஞ்சம் அசந்திருப்பே. நான் உன்னைக் குத்தம் சொல்ல மாட்டேம்மா."

அடக் கடவுளே, அவளை அவன் மன்னிக்கிறான்! அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது அவளுக்கு. போதும், சொல்லியே தீருவது என்று வாயைத் திறந்தாள்.

அப்போது காலிக் கட்டிலின் தலைமாட்டில் அலாரம் அடித்தது. கைப்பழக்கத்தில், துக்கத்துக்கு நடுவிலும் முள்ளைத் தள்ளி வைத்திருந்தாள். அவள் எழுவதற்குள் அண்ணன் எட்டி அதை நிறுத்தினான். கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓவென்று அழுதான்.

"மகன்னு பேர்தான், நான் ஒண்ணுமே செய்யல. அந்த ரெண்டு ராத்திரி அவரை நிம்மதியாத் தூங்க வெச்சேன். அதை நினைச்சுத்தான் மனசைத் தேத்திக்கறேன்."

அவள் அவன் கையிலிருந்து கடிகாரத்தை வாங்கிக்கொண்டாள்.

"ஆமாண்ணா," என்றாள். "நல்லாத் தூங்கினார்."