ஹலோ அக்கா அறங்காவலர் ஆனார்

என் காதுக்குச் சுவர் ஒரு பொருட்டே இல்லை. அடுத்த அறையில் ஒருவர் பொய் சொல்லப்போகிறார் என்றால், அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்குக் கேட்டுவிடும். கொஞ்சம் கூட்டித்தான் சொல்கிறேன். எங்கள் வீட்டில் சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே இருக்கும் கதவு சரியாகச் சாத்தாது, அவ்வளவுதான். ஹலோ அக்காவின் கதையை எழுத அந்தக் கதவு போதும்.

ஹலோ அக்கா ஒரு பெரிய மருத்துவமனையில் டெலிபோன் ஆப்பரேட்டராக இருந்தவர். ஜன்னல் இல்லாத அறையில், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஊரார் அழுகையையும் சண்டையையும் இந்த வார்டிலிருந்து அந்த வார்டுக்கு அனுப்பியே தலை நரைத்தவர். கல்யாணம் ஆகவில்லை. "வந்த வரனையெல்லாம் லைன்ல இருங்கன்னு சொன்னேன், வச்சுட்டாங்க" என்பார். சம்பாதித்ததெல்லாம் தம்பியின் படிப்புக்குப் போனது. தம்பி படித்தான், பெரிய ஆளானான், அக்காவை மறந்தான். ஓய்வு பெற்றபின் ஒண்ட இடமில்லாமல் எங்கள் தெருக்கோடியிலிருந்த தர்ம வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

நாதியற்ற பெண்கள் வாடகை இல்லாமல் இருக்கட்டும் என்று யாரோ ஒரு புண்ணியவதி எழுதி வைத்துவிட்டுப் போன வீடு அது. முற்றத்தைச் சுற்றி எட்டு அறைகள், எல்லாருக்கும் ஒரே குழாய், ஒரே துணிக்கொடி. முதல் அறைக்கு மட்டும் தெருவைப் பார்த்த ஜன்னல் உண்டு. அது ஹலோ அக்காவுக்கு வாய்த்தது. காலமெல்லாம் இருட்டில் உட்கார்ந்திருந்தவருக்கு ஜன்னல் கிடைத்தால் கேட்கவேண்டுமா? கம்பியைப் பிடித்தபடி, தெருவில் போகிற நாய் உட்பட எல்லாரையும் விசாரிப்பார். குழாயடியில் யார் முதலில், கொடியில் யார் துணி எங்கே என்பதெல்லாம் அவர் வைத்ததுதான் சட்டம். மற்ற ஏழு பேருக்கும் அவரைக் கண்டால் ஆகாது.

வீட்டை நிர்வகிக்க நான்கு அறங்காவலர்கள். தலைவர் மருந்துக்கடைக்காரர். அவர் கடையில் எல்லா நோய்க்கும் மருந்து இருந்தது, வீட்டில் இருந்த மாமியாருக்கு மட்டும் இல்லை. இன்னொருவர் வக்கீல். மூன்றாமவர் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற என் வீட்டுக்காரர். யார் எதைச் சொன்னாலும் "யோசிக்க வேண்டிய விஷயம்" என்பார், அப்புறம் யோசிக்க மாட்டார். நான்காமவர் மரக்கடைக்காரர். அவர் செத்துப்போனார்.

கூட்டம் எப்போதும் எங்கள் கூடத்தில்தான், டீ என் தலையில். மரக்கடைக்காரருக்கு எழுந்து நின்று மௌனம் காத்தார்கள். உட்கார்ந்த உடனே மருந்துக்கடைக்காரர் மாமியார் புராணத்தை எடுத்தார். தர்ம வீட்டில் ஓர் அறை கிடைத்தால் கொண்டுபோய் வைத்துவிடலாமாம். ஆனால் ஜன்னல் இல்லாத அறைக்கு அந்த அம்மாள் மசிய மாட்டாராம்.

"அவங்களுக்குத்தான் நீங்க இருக்கீங்களே" என்றார் என் வீட்டுக்காரர்.

"மருமகன் மட்டும்தான் இருக்கான்னா நாதியில்லைன்னுதான் சார் அர்த்தம்" என்றார் வக்கீல்.

சிக்கல் வேறு. ஒருத்தியை உள்ளே வைத்தால் அவள் சாகும்வரை வெளியே அனுப்ப முடியாது. வீட்டுப் பத்திரம் அப்படி. ஹலோ அக்காவோ தும்மிக்கூட யாரும் பார்த்ததில்லை. அப்போதுதான் வக்கீலின் சிரிப்பு கதவிடுக்கில் வந்தது. அறங்காவலராக இருக்கிறவர் அந்த வீட்டில் குடியிருக்கக் கூடாது என்பதும் அதே பத்திரத்தில்தான் இருக்கிறது. கையெழுத்துப் போட்ட நிமிஷம் அறை காலி. காலியான நாற்காலி ஒன்றும் கைவசம் இருக்கிறது.

"அவங்க கழுத்தைப் பிடிச்சுத் தள்ள வேண்டாம். கையைப் பிடிச்சு உட்கார வைப்போம்" என்றார்.

"யோசிக்க வேண்டிய விஷயம்" என்றார் என் வீட்டுக்காரர்.

மறுநாள் மூவரும் பழப்பையோடு போனார்கள். குடியிருப்பவர்களின் குரலும் நிர்வாகத்தில் கேட்க வேண்டும், அதற்கு அக்காவை விட்டால் ஆள் ஏது என்று தலைவர் உருகினார். ஹலோ அக்கா, லைன் சரியில்லாததுபோல, அதைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டாராம்.

நான் சும்மா இருக்கவில்லை. சாயங்காலம் காய்கறி வாங்கப் போகிற சாக்கில் ஜன்னலண்டை நின்று, ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். கையெழுத்துப் போட்டால் அறை போய்விடும், இதெல்லாம் மாமியாரைக் குடிவைக்கத்தான் என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "உன் வீட்டுக்காரர் உட்கார்ற இடத்துல நானும் உட்காரப்போறேன்னு உனக்கு எரியுது. காலம் பூரா மத்தவங்க பேச லைன் போட்டுக் குடுத்தவ நான். இப்பத்தான் எனக்குன்னு ஒரு கால் வந்திருக்கு. குறுக்கே பேசாதே" என்றார். ஜன்னலைச் சாத்திக்கொண்டார். அந்த ஜன்னல் இருட்டுவதற்கு முன்பே சாத்தி அன்றுதான் பார்த்தேன்.

அடுத்த கூட்டம்வரை அவர் கால் தரையில் இல்லை. இனி அக்கா என்று கூப்பிடாதே, மேடம் என்று கூப்பிடு என்று முற்றத்தில் உத்தரவு போட்டார். கொடியை இடம் மாற்ற வைத்தார். கடைசி அறைக்காரி, "மேடம், குழாயையும் பிடுங்கி உங்க ரூமுக்குள்ளயே நட்டுக்குங்க" என்றாள். அதையும் மரியாதை என்றே எடுத்துக்கொண்டார்.

கூட்டத்தன்று இஸ்திரி போட்ட புடவையில் வந்து, மரக்கடைக்காரர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கையெழுத்துப் போட்டார். மை காயட்டும் என்றுகூட வக்கீல் பொறுக்கவில்லை.

"அக்கா, இனிமே நீங்க அந்த வீட்டுல இருக்க முடியாது. பத்திரம் அப்படி."

ஹலோ அக்கா மெல்லத் திரும்பி, நான் நின்ற கதவிடுக்கைப் பார்த்தார். பிறகு, "அப்ப நான் விலகிக்கிறேன்" என்றார்.

"தாராளமா விலகலாம். ஆனா அறை போனது போனதுதான். புதுசா மனு போடுங்க, தலைவர் பார்த்துச் செய்வார்."

தலைவர் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது எழுந்தார் பாருங்கள் ஹலோ அக்கா! எங்கள் வீட்டுப் போனை எடுத்து, நம்பரைச் சுழற்றி, "லைன்ல இருங்க" என்று நேராக மாமியாரையே பிடித்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். கால் மணியில் மாமியார் கைத்தடியோடு வந்து இறங்க, மருந்துக்கடைக்காரர் சோபாவுக்குக் கீழே போனார், வக்கீலின் மூக்குக்கண்ணாடி டீயில் மிதந்தது. மாமியார் மருமகன் வீட்டைவிட்டு நகரவே இல்லை. ஹலோ அக்கா முதல் அறை ஜன்னலில் இருந்து இன்றைக்கும் நாயை விசாரிக்கிறார்.

இதுவரை எழுதியதை உரக்கப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், மூடியபடியே சொன்னார்:

"போனை அவங்க தொடவே இல்ல. அடுத்த தீர்மானம், முதல் அறையைத் தலைவரோட மாமியாருக்குக் குடுக்கறது. சம்மதம்னா கை தூக்குங்கன்னாரு வக்கீல். நாங்க மூணு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துட்டு இருந்தோம். அவங்கதான் முதல்ல தூக்கினாங்க. தூக்கிட்டு, அடுத்த கூட்டம் என்னிக்குன்னு கேட்டாங்க."