சாமைக்கும் பூசணிக்கும் நடுவில் ஒரு நாவல்

அன்று ஆலயத்தில் இருந்தவர்கள்: போதகர், அவர் மனைவி, ஏலம் கூறிய மூப்பர், கல்வராயன் மலையிலிருந்து சாமை கொண்டுவந்த புருஷன் பெண்சாதி, என் வீட்டுக்காரர், நான். ஏழு பேர். அறுப்பின் பண்டிகைக்கு வந்த மற்றவர்கள் மழை இருட்டிக்கொண்டு வருவதைப் பார்த்துக் கள்ளக்குறிச்சி பஸ்ஸுக்கு ஓடிவிட்டார்கள். ஏலம் போகாமல் கிடந்தது இரண்டு பூசணி, ஒரு படி சாமை, என் புத்தகம்.

எங்கள் சபையில் அவரவர் விளைச்சலில் முதல் பங்கைப் பீடத்துக்கு முன்னால் வைப்போம். ஆராதனை முடிந்ததும் ஏலம். நாற்பது ரூபாய்த் தேங்காய் நானூறுக்குப் போகும். பணத்தை மெதுவாகக் கொடுக்கலாம். ஒரே கட்டுப்பாடு, வைத்தவரே திரும்ப எடுக்கக் கூடாது. எனக்கு நிலம் இல்லை, ரவிக்கை தைக்கிறவள். தலையணை உறை தைத்து வைத்திருக்கலாம். ஆனால் அந்த வருஷம் எனக்கு விளைந்தது அந்த நாவல்தான்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். ரவிக்கை அளவு வெட்டப் பழைய பேப்பர் கடையில் கிலோ கணக்கில் வாங்கும் பேப்பர்க் கட்டுக்குள் அது வந்தது. வெளிதேசத்துப் பழைய நாவல், தமிழில். அட்டையும் முதல் பக்கங்களும் போயிருந்ததால் எழுதியவர் பெயர்கூடத் தெரியாது. கத்தரிக்கோலை எடுத்தவள் கீழே வைத்துவிட்டுப் படித்தேன்.

மூப்பர் அதைத் தூக்கிப் பிடித்தார். "இன்னாமா இது?"

"நாவலுங்க."

நான் பென்சிலால் கோடு போட்ட இடத்தைப் பிரித்துப் படித்தார். முகம் சுருங்கியது. "கொலகாரன் கதைய எடுத்தாந்து சாமைக்குப் பக்கத்துல வெச்சிக்கிறியே. இத யாரு கேப்பாங்க? பேப்பர் கடைக்கே போட்டுற வேண்டியதுதான்."

ஒருவரும் ஏலம் கேட்கவில்லை. காணிக்கையை ஆண்டவரே தள்ளிவிட்ட மாதிரி இருந்தது. பூட்டிய கதவை மூன்று தரம் இழுத்துப் பார்க்கிறவள் நான். சபையில் வாய் திறந்ததே இல்லை.

"உக்காரு. மானத்த வாங்காத" என்றார் வீட்டுக்காரர். அதற்குள் எழுந்துவிட்டிருந்தேன்.

"கதைய சொல்லிடறேங்க. அப்பால தூக்கிப் போடுங்க."

சொன்னேன். பனி கொட்டும் ஊரில் ஓர் ஓடக்காரன். அவன் மகனை ஒருவன் கொன்றுவிட்டு ஓடிவிடுகிறான். பல வருஷம் கழித்து, வெள்ளம் பெருகிய நாளில், அதே ஆள் கரையில் நின்று ஓடத்தைக் கூப்பிடுகிறான். அவனுக்கு ஓடக்காரனை அடையாளம் தெரியவில்லை, ஓடக்காரனுக்குத் தெரிகிறது. நடு ஆற்றில் துடுப்பை நிறுத்துகிறான். வெகுநேரம் கழித்து மறுபடி தள்ளி, அக்கரையில் இறக்கிவிடுகிறான். கூலி வாங்கவில்லை. திரும்பும்போது, அவனை ஏன் தண்ணீரில் தள்ளவில்லை என்று துடுப்பால் ஓடத்தையே அடிக்கிறான்.

"எங்கமா மன்னிச்சான்?" என்றார் மூப்பர். "கசப்ப வெச்சிக்கினுதானே திரும்பறான். கர்த்தர் பேர ஒரு தரம்கூட சொல்லல."

"கை மன்னிச்சிடுச்சிங்க. மனசு பின்னால வந்துக்கினு இருக்குது. ஆண்டவர் சொன்ன கதையில, சொத்த அழிச்ச இளைய மகன் திரும்பி வந்ததும் மூத்தவன் கோவிச்சிக்கினு வாசல்லயே நிக்கிறானே, உள்ள போனானா இல்லையான்னு ஆண்டவர் சொன்னாரா? அப்படியே வுட்டுட்டாரு."

போதகர் சிரித்தார். "பதில் சொல்லுங்க மூப்பரே."

மூப்பர் மறுபடி புத்தகத்தைப் பிரித்தார். அந்த நாவல் பீடத்துக்கு முன்னால் வைக்கத் தகுந்ததுதான், இப்போதும் எனக்கு அதில் சந்தேகம் கிடையாது. பிரசங்கம் கேட்கும்போது பாவம் பக்கத்து வீட்டுக்காரருடையதாக இருக்கிறது. அந்த நாவலில் நடு ஆற்றில் துடுப்பை நிறுத்தியது நான். அப்புறம்தான் முழங்கால் போட்டு ஜெபிக்கத் தோன்றியது.

மலைக்கார அக்கா கேட்டாள்: "கூலி வாங்கலயா அந்த ஆளு?"

"வாங்கலக்கா."

"அப்போ அம்பது ரூபா."

மழை தகரத்தில் இறங்கியது. மூப்பர் கோடு போட்ட பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நூறு" என்றார். அக்கா நூற்றைம்பது என்றாள். விடவில்லை இரண்டு பேரும். கடைசியில் மூப்பர், "நானூறு. ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்று தனக்குத் தானே கூறி முடித்தார்.

"ஏலம் வுடறவரே எடுத்துக்கிறாரு, நல்லாக்கீது" என்றார் போதகர் மனைவி.

சட்டைப் பையில் நூறுதான் இருந்தது. அதைக் கொடுத்தார். "மிச்சத்த படிச்சி முடிச்சிட்டுத் தரேன்."

இது போன வருஷம். போன ஞாயிறு வாசலில் செருப்பு மாட்டும்போது என்னிடம் சொன்னார்: "அவன் நடு ஆத்துலயே நிக்கிறாம்மா. என்னால அதத் தாண்டிப் போவ முடியல." யாரை மனதில் வைத்துச் சொன்னாரோ, நான் கேட்கவில்லை. முடிக்கட்டும், அவசரமில்லை. ஏலப் பாக்கியைப் போதகர் மாதத்துக்கு ஒரு தரம் சபையில் வாசிப்பார். தேங்காய், பூசணி, சாமை எல்லாம் கட்டியாகிவிட்டது. மிச்சம் ஒரே வரி: புத்தகம், பாக்கி முந்நூறு ரூபாய்.