ஜெபராஜின் காதும் கெர்னலும்

புனே ஹிஞ்சேவாடி நெரிசலில் கம்பெனி வண்டி அசையாமல் நின்றுகொண்டிருந்தபோது செய்தி வந்தது. ஜெபராஜ் போய்விட்டார். சிஞ்ச்வட் வீட்டில், வேலை மேஜையில் உட்கார்ந்தபடியே மாரடைப்பு. எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, எரிச்சல். இந்த மனிதர் எதையுமே சொல்லிவிட்டுச் செய்ததில்லை. அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு இது புரியும்.

புரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்கள் காரில் பொருத்தும் திரைக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள். அதன் இயங்குதளத்துக்கு அடித்தளம் கெர்னல். அதைக் கட்டும்போது ஒவ்வொரு வசதிக்கும் ஒரு கேள்வி வரும்: உள்ளேயே சேர்க்கவா, தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளவா, வேண்டவே வேண்டாமா? புளூடூத் பகுதி ஜெபராஜின் பொறுப்பு. காரணம் சொல்லாமல் அவரிடம் ஒரு வசதியைக்கூட வாங்க முடியாது. "எதுக்குலே அது? சும்மா கிடக்கட்டும்னு போட இது என்ன உங்க வீட்டுப் பரணா?" என்பார். பிறந்து வளர்ந்தது புனே கன்டோன்மென்ட் பக்கம். ஆட்டோக்காரரோடு மராத்தியில் பேசுவார். எங்களைத் திட்டுவது மட்டும் வீட்டில் கற்ற திருநெல்வேலித் தமிழில்.

போதாததற்கு, அவருக்கு இரண்டு காதும் மந்தம். காதுக்கருவி புளூடூத் வழியாக மடிக்கணினியோடு சேர்ந்தால்தான் அழைப்புகளும் மீட்டிங்கும் கேட்கும். அந்தக் கணினியிலும், ஊரெல்லாம் போட்டுக்கொள்ளும் ஆயத்தக் கெர்னல் அவருக்கு ஆகாது. தானே கட்டி, தன் காதிலேயே சோதிப்பார். பாதி மீட்டிங்கில் "காது போச்சு, இருங்க" என்று செய்தி வரும். நாங்கள் தேமே என்று காத்திருப்போம்.

எங்கள் திரையை வாங்கும் சாகண் கார் ஆலைக்காரர்கள் அழைப்பில் வந்து அவரைக் கேள்வி கேட்ட நாள் மறக்குமா? மனிதர் திரையில் சிரித்துக்கொண்டே இருந்தார். ஒரு வார்த்தை காதில் விழவில்லை. அன்று காலை புளூடூத்தை இயக்கும் டிரைவர் நிரலைக் கெர்னலுக்கு உள்ளேயே சேர்த்திருக்கிறார். கணினி விழித்ததுமே அந்த டிரைவர் தனக்கு வேண்டிய கோப்பைக் கேட்கும்; அது இருக்கும் டிஸ்க் அப்போது திறந்தே இருக்காது. இதே தப்புக்கு எங்களை எப்படித் திட்டியிருக்கிறார்! "கடை திறக்க முன்ன போயி வடாபாவ் கேட்டா எவம்லே தருவான்?"

ஆயத்தக் கெர்னலைப் போடாவிட்டால் வேலையை விட்டு அனுப்பிவிடுவதாக மேலாளர் சொல்லிவிட்டார். நான் கெஞ்சினேன். "ஜெபண்ணே, கொஞ்ச நாளைக்காவது போட்டுத் தொலைங்களேன்."

"போட்டா கேக்கும்லே. ஏன் கேக்குன்னு எனக்குத் தெரியாதே. ஒருநாள் கேக்காமப் போனா நான் எவன்ட்ட போயி நிக்க?"

தலையில் அடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த வாரமே, காரில் பேச்சு பாதியில் அறுந்துபோகும் கோளாறை அவர்தான் பிடித்தார். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கச் சிப்பைத் தூங்கவைக்கும் ஒரு வசதிதான் காரணம். மனைவி எஸ்தர் அழைப்பில் பேச்சை நிறுத்தி மூச்சு வாங்கினால் அவர் காதும் அறுந்ததாம். அதை அணைத்ததும் காரும் சரியானது. மேலாளர் வாயை மூடிக்கொண்டார். அதன்பின் ஜெபராஜைப் பிடிக்க முடியுமா? வாரம் ஒரு புதுக் கெர்னல், வாரம் ஒருநாள் காது இல்லை.

அடக்கம் முடிந்ததும் எஸ்தர் அக்கா என்னைக் கூப்பிட்டார். கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர்.

"அன்னைக்கு ப்ரேக்ல ரெண்டு தடவ போன்ல கூப்பிட்டேன் தம்பி. எடுக்கல. புது கெர்னல் போட்டிருப்பாங்க, காது போயிருக்கும்னு நெனச்சிக் கிளாஸுக்குப் போயிட்டேன்."

நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். நீங்களும்தான். எங்கள் எல்லோரையும் அப்படிப் பழக்கி வைத்திருந்தார். அதற்காக அவர்மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான்: யாராவது அழைப்பை எடுக்காவிட்டால், காரணம் தெரிந்ததுதானே என்று உட்கார்ந்திருக்க முடிவதில்லை. எழுந்து தேடிப் போகிறேன். பெரும்பாலும் கீழே டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள். நன்றாகத் திட்டிவிட்டுத் திரும்பி வருகிறேன்.