அவகாசம் என்று நான் படித்த சொல்

எனக்கு மலையாளம் படிக்கத் தெரியும் என்று பெயர் வாங்கியது என் கெட்ட நேரம். உண்மையில் எனக்குத் தெரிந்தது பஸ் போர்டு படிக்கிற மலையாளம். மலையாள நாட்டு எல்லையோரம், கொழிஞ்சாம்பாறையில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவன் நான். கண்டக்டர் வேலைக்குப் போன பிறகு எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொண்டேன். எழுத்து வாய்க்கு வந்துவிடும், அர்த்தம் பல நேரம் வராது. வராத இடத்தில் தமிழைப் போட்டு நிரப்பிக்கொள்வேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இருபத்தாறு வயதில், காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தெரியாது என்று சொல்ல எவனுக்கு வாய் வரும்?

எழுபதுகளின் நடுவில் எங்கள் வண்டி மலையடிவாரத்திலிருந்து கொழிஞ்சாம்பாறைச் சந்தைக்கு நாளுக்கு இரண்டு நடை போகும். கடைசி ஸ்டாப்பில் மலசர் குடியிருப்பு ஆட்கள் ஏறுவார்கள். அந்த மலையின் பழைய குடிகள் அவர்கள்தான். தேன் டின்னும் சீயக்காய் மூட்டையுமாக ஏறி, சந்தையில் விற்றுவிட்டு, அரிசியும் உப்பும் வாங்கிக்கொண்டு மாலை வண்டியில் திரும்புவார்கள். அந்தத் தடத்தில் வேறு வண்டி கிடையாது. நாங்கள் ஏற்றாவிட்டால் தேன் மலையிலேயே கிடக்க வேண்டியதுதான்.

தேன் டின் என்றாலே எனக்கு ஆகாது. மூடி சரியாக இருக்காது, வளைவில் வண்டி திரும்பினால் வழியும். பண்ணைக்காரர் ஒருவர் வெள்ளை வேட்டியைத் தூக்கிக் காட்டி, "ஏனப்பா கண்டக்டரு, இது பஸ்ஸா, தேன் கடையா?" என்று சத்தம் போடுவார். எறும்பு வேறு. ராத்திரி ஷூவைக் கழற்றினால் காலுறையில் எறும்பு இருக்கும்.

அந்தச் சமயம் பார்த்து வன இலாகா செக்போஸ்டில் புது உத்தரவு வந்தது. காகிதம் இல்லாமல் காட்டுப் பொருளை ஏற்றினால் வண்டியை நிறுத்துவார்கள், கண்டக்டர் பதில் சொல்ல வேண்டும். எனக்குச் சந்தோஷம்தான். வண்டிப் படியில் நின்றுகொண்டு மலசர்களிடம் சொன்னேன்:

"காயிதம் இருந்தாக் கொண்டாங்க. இல்லாட்டி டின்னோட ஏறக் கூடாது."

அடுத்த சந்தை நாளில் ஒரு அம்மா மூங்கில் குழாயிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். நாற்பது வயதிருக்கும். எப்போதும் முன் படிக்குப் பின்சீட்டில், இரண்டு காலுக்கும் நடுவே டின்னை இடுக்கிக்கொண்டு உட்காருகிறவர்.

"ராஜா காலத்துல எங்க ஆளுகளுக்குக் குடுத்ததுங்க. எங்கள்ல படிச்சவங்க ஆருமில்லீங்க. நீங்கதான் படிச்சுச் சொல்லோணும்."

ஏறுகிற கூட்டம் முழுக்க என் வாயைப் பார்த்தது. நான் கூட்டிக் கூட்டிப் படித்தேன். மலையில் தீப்பிடித்தால் மலசர் அணைக்க வேண்டும், காட்டைக் காக்க வேண்டும். இது முதல் விஷயம், அதை ஒழுங்காகவே சொன்னேன். அடுத்தது, அதற்கு ஈடாகத் தேனும் மெழுகும் சீயக்காயும் எடுக்கவும் கொண்டுபோய் விற்கவும் அவர்களுக்கு 'அவகாசம்' உண்டு.

அப்பாடா, தெரிந்த சொல்! வீடு காலி செய்ய அவகாசம் கேட்போமே, அந்த அவகாசம். கீழே இருந்த தேதியைப் பார்த்தேன். என் அப்பாவுக்குக் கல்யாணமே ஆகாத காலம்.

"ராஜா உங்களுக்கு டைம் குடுத்திருக்காரு, அவ்வளவுதான். அது எப்பவோ முடிஞ்சு போச்சு. இது செல்லாது."

"முடிஞ்சு போச்சுங்களா?"

"போச்சு போச்சு. எறக்குங்க."

எத்தனை நாளைக்கு அவகாசம் என்று அதில் எழுதியில்லையே என்று ஒரு உறுத்தல் வந்தது. அதை மறைக்க மாட்டேன். மலையாளத்திலேயே பிறந்து வளர்ந்த டிரைவர் பத்தடி தள்ளி டீ குடித்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் என் படிப்பு அத்தனை பேர் முன்னால் சந்தி சிரித்துவிடும். டின்னையும் ஏற்ற வேண்டி வரும். கேட்கவில்லை. அவர்கள் ஒவ்வொன்றாக டின்னை இறக்கினார்கள். நான் விசில் ஊதினேன்.

அதற்குப் பிறகு டின் வரவில்லை. யாரோ ஒரு காண்டிராக்டர் அந்த மலைத் தேனை ஏலத்தில் எடுத்தார். அதே மரத்தில் அதே ஆட்கள் அவருக்குக் கூலிக்கு ஏறினார்கள். என் வண்டி சுத்தமாக இருந்தது. நான் நிம்மதியாக இருந்தேன், சண்டாளன்.

மறு வருஷம் எங்கள் டிப்போவில் வேலைநிறுத்தம். கேட்டுக்கு முன்னால் எல்லோரும் "அவகாசம், அவகாசம்" என்று கோஷம் போட்டார்கள். நானும் தொண்டை கிழியக் கத்தினேன். மூன்றாம் நாள் டிரைவரிடம், "ஏனுங்க, ரெண்டு நடைக்கு நடுவுல சாப்பிட எத்தனை நிமிஷம் அவகாசம் கேக்கறோம்?" என்றேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "எடோ மண்டா! அவகாசம்னா சமயம் அல்ல. நிங்கள் தமிழன்மார் உரிமைன்னு சொல்வீங்களே, அது!"

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். எனக்கு அந்த மூங்கில் குழாய்க் காகிதம்தான் ஞாபகம் வந்தது.

வேலைநிறுத்தம் முடிந்து வண்டி எடுத்த முதல் நாள், கடைசி ஸ்டாப்பில் அந்த அம்மா ஏறினார். வலது கையில் துணி சுற்றியிருந்தது. நான் போய் அவர் பக்கத்தில் நின்றேன்.

"அம்மிணி, அன்னைக்கு நான் தப்பாப் படிச்சுட்டனுங்க. அது டைம் இல்லீங்க, உரிமைங்க. அதுக்கு முடிவே இல்லீங்க. அந்தக் காயிதத்தை எடுத்துட்டு வாங்க, செக்போஸ்டுக்கு நானே கூட வாரேன்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"காயிதம் இல்லீங்களே. நாள் முடிஞ்சதை வெச்சிருந்தாத் தப்புன்னு எங்க ஆளுக பேசுனாங்க. பாரஸ்ட் ஆபீசுக்கு நடந்து போய்த் திருப்பிக் குடுத்துட்டமுங்க. அவிகளும் வாங்கி வெச்சுக்கிட்டாங்க."

எதையாவது பேச வேண்டுமே என்று, "கையில என்னங்க?" என்றேன்.

"மலையில தீப் புடிச்சுதுங்க. மூணு நாளு அணைச்சோம்."

"காண்டிராக்டரு அதுக்குக் கூலி குடுத்தாருங்களா?"

"தீ அணைக்கக் கூலியா?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "காட்டைக் காக்கோணும்னு காயிதத்துல இருக்குதுன்னு நீங்கதானுங்க படிச்சீங்க. அதுக்கு நாள் முடிஞ்சு போச்சுன்னு நீங்க சொல்லலீங்களே."

சொல்லிவிட்டு, தீ சுடாத கையை நீட்டி டிக்கெட் கேட்டார்.